பனி நாட்டுக் கம்பளியும் பழவேற்காட்டுக் கைலியும்

மக்கள் உடுக்கும் உடை அவரவர் நாட்டின் தட்பவெப்பத்தைப் பொறுத்து அமைவது. திருவள்ளூர் வெயிலில் வாழும் நமக்குப் பருத்தியே உற்ற துணை. மார்கழிப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். ஆயின் ஆண்டில் பல மாதங்கள் நீர் உறைந்து கிடக்கும் நாடுகளிலும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் நூற்கின்றனர், நெய்கின்றனர், பின்னுகின்றனர். அவர்களுடைய கைத்தொழிலை நாம் அறிந்து கொள்வதால் யாது பயன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். மூலப்பொருளை உண்டாக்குபவர் ஒருவர், துணியாக்குபவர் வேறொருவர், அத்துணியின் பெயரால் லாபம் அடைபவர் மற்றொருவர் என்றிருக்கும் இடத்தில் விளையும் இடர், அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது. அதனை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே ஈண்டு நாம் எடுத்துரைக்க விழைவது.

சாங்தாங் ஆடுகள்

நமது நாட்டின் வட கோடியில், லடாக்கில், சாங்தாங் என்னும் மேட்டுநிலம் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் 14,000 அடிக்கும் அதிகமான உயரம். மழை அரிது, குளிர்காலத்தில் வெப்பம் சுழியத்திற்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். அங்கு சாங்பா என்னும் மேய்ப்பர் குடியினர், யாக் எருதின் மயிரால் நெய்த கூடாரங்களில் தங்கி, புல் உள்ள இடந்தேடி மந்தைகளுடன் இடம் பெயர்ந்து வாழ்கின்றனர்.

அவர்கள் வளர்க்கும் வெள்ளாட்டின் உடலில் முரட்டு மேல்மயிருக்கு அடியில், குளிரைத் தாங்கும் பொருட்டு, மிக நுண்ணிய உள்மயிர் வளர்கிறது. இதுவே பஷ்மினா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அதில் 12 முதல் 15 கூறு வரையே இம்மயிரின் பருமன். குளிர் கடுமையாக இருப்பதாலேயே இது விளைகிறது. கோடை தொடங்குகையில் உள்மயிர் தானே கழலும். அப்போது சீப்பினால் வாரி எடுப்பர். ஓர் ஆட்டில் ஓராண்டிற்கு ஏறத்தாழ கால் கிலோ கிடைக்கும். முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கிய பின் அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவே நூற்பதற்கு எஞ்சும்.

இத்தொழிலில் இயற்கையின் சோதனையும் உண்டு. 2013 ஆம் ஆண்டில் பெய்த கடும் பனியில் மேய்ச்சல் நிலம் மூடுண்டு, ஆயிரக்கணக்கான ஆடுகள் பட்டினியால் மடிந்தன. புயல் ஆண்டில் வயலை இழந்த நமது உழவர் அத்துயரை எளிதில் உணர்வர்.

பெயர் ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு

இத்துணை அரிய மயிரை வளர்த்த மேய்ப்பர் நெடுங்காலம் அதனைத் தாம் நெய்ததில்லை. தமக்கென அவர்கள் நெய்து கொண்டது செம்மறி ரோமமும் யாக் மயிருமே. 1684 ஆம் ஆண்டில் லடாக்கிற்கும் திபெத்திற்கும் இடையே திங்மோஸ்காங்கில் ஏற்பட்ட உடன்படிக்கை, இப்பகுதிப் பஷ்மினா மயிர் காஷ்மீரத்திற்கே செல்ல வேண்டும் என வரையறுத்தது. ஆகவே நூற்றலும் நெசவும் புகழும் காஷ்மீரத்திற்கு உரியவாயின.

காஷ்மீர நெசவாளர் கதையோ அதனினும் வருந்தத்தக்கது. அவர்களுடைய சால்வைகள் ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்றதும், ஸ்காட்லாந்து தேசத்தின் பெய்ஸ்லி என்னும் ஊரில் அவற்றைப் போலவே மலிவான சால்வைகளை நெய்து குவித்தனர். நாம் மாங்காய்ப் புட்டா என்று அழைக்கும் அவ்வடிவத்திற்கு மேல்நாடுகளில் இன்றளவும் பெய்ஸ்லி என்பதே பெயர். நமது காலத்தில் விசைத்தறியின் போட்டியும் சேர்ந்தது. பஷ்மினா நூல் இயந்திரத்தின் வேகத்தைத் தாங்காது. ஆகவே நைலான் கலந்து நூற்று, நெய்தபின் அமிலத்தில் தோய்த்து நைலானைக் கரைத்து விடுகின்றனர். இழை வலுவிழக்கிறது, ஆயினும் கைந்நெசவு என்ற பெயரிலேயே அது விலை போகிறது.

இதனைத் தடுக்கும் பொருட்டுக் காஷ்மீர பஷ்மினாவிற்கு 2008 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெறப்பட்டது. உண்மைப் பஷ்மினாவைக் கண்டறியவும் குறியிடவும் வேண்டிய தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்டது. லடாக்கிலோ, வளர்ப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்துக் கொண்டனர். முரட்டு மயிரை நீக்கும் ஆலை லே நகரிலேயே ஏற்பட்டது. 2017 ஆம் ஆண்டில் லூம்ஸ் ஆஃப் லடாக் என்னும் பெண்கள் கூட்டுறவும் தோன்றி, நூற்பதையும் நெய்வதையும் விற்பதையும் தானே மேற்கொண்டது. மயிரை மூட்டையாகக் கட்டி அனுப்பிய ஊர், துணியாக அனுப்பத் தொடங்கியது.

துருவத்தின் அருகே ஒரு சங்கம்

இதே வழியை இன்னும் வடக்கே, அமெரிக்காவின் அலாஸ்காவில் காணலாம். அங்குக் கஸ்தூரி எருது என்னும் விலங்கு 19 ஆம் நூற்றாண்டில் வேட்டையால் அழிந்தது. 1930 ஆம் ஆண்டில் கிரீன்லாந்திலிருந்து 34 விலங்குகளைக் கொணர்ந்து மீண்டும் பெருக்கினர். அதன் உள்மயிருக்குக் கிவியுட் என்று பெயர். செம்மறி ரோமத்தினும் பன்மடங்கு வெப்பம் தருவது.

இதனைக் கொண்டு பிழைக்க 1969 ஆம் ஆண்டில் ஊமிங்மாக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சொல்லுக்குத் தாடியுடையது என்பது பொருள். அவ்விலங்கை அம்மக்கள் அழைக்கும் பெயர் அது. சாலை வசதியற்ற தொலைவூர்களில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழும் குடும்பங்களின் பெண்கள் இதன் அங்கத்தினர். சங்கம் நூலை அனுப்புகிறது. அவர்கள் வீட்டிலிருந்தபடியே கழுத்துத் துணியும் குல்லாவும் பின்னி அனுப்புகின்றனர். சங்கத்தின் சொந்தக் கடை ஆங்கரேஜ் நகரில் அவற்றை விற்கிறது.

நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி, ஊருக்கு ஒரு பின்னல் வடிவம் என்னும் அவர்களது ஏற்பாடு. மெக்கோர்யுக் என்னும் ஊரார் தம் முன்னோரின் பழைய தந்த ஈட்டி முனையைப் பார்த்துத் தமது வடிவத்தை வகுத்தனர். துணியைக் கண்டதும் எவ்வூரார் பின்னியது என்று சொல்லிவிடலாம். பெயர் பொருளை விட்டு அகலாதபடி பின்னலுக்குள்ளேயே அதனைப் பூட்டி வைத்த அறிவு இது.

நமக்குரிய பாடம்

நமது மாவட்டத்திற்கு இது புதிய கதையன்று. 17 ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இக்கரையின் துணிகளைக் கீழ்த்திசை நாடுகளுக்குக் கப்பலேற்றினர். மலாய் நாட்டார் கட்டம் போட்ட கைலியை இன்றும் பெலிக்காட் என்றே வழங்குகின்றனர். அது பழவேற்காடு என்பதன் திரிபே. பெயர் கடல் கடந்து வாழ்கிறது. அப்பெயரால் வரும் ஊதியத்தில் பழவேற்காட்டுத் தறிக்கு ஒரு காசும் இல்லை. பெயரைக் காக்கும் சங்கம் அன்று இருந்ததில்லை.

இன்று நமக்குச் சங்கம் உண்டு. நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் ஒன்று 1904 ஆம் ஆண்டில் தோன்றியது நமது திரூரில்தான். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985 ஆம் ஆண்டுச் சட்டமும், 2006 ஆம் ஆண்டில் வந்த கைத்தறி முத்திரையும் நமக்குத் துணையாக உள்ளன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மாதச் சம்பளம் நம் இளைஞரை அழைக்கிறது. சாங்தாங் இளைஞரும் இவ்வாறே மந்தையை விட்டு லே நகருக்குச் செல்கின்றனர். இதில் அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. தறியில் அமர்பவனுக்கு அதற்கீடான வருவாய் கிடைத்தாலன்றி எவரும் அமரார்.

அவ்வருவாய்க்கு வழி, கடைசி வேலையும் விற்பனையும் பெயரும் சங்கத்தின் கையில் இருப்பதே. கோராத் துணியாக விற்பதைச் சாயமிட்டு, மடித்து, முத்திரையிட்டு விற்பது குறித்துச் சங்கங்கள் ஆலோசிக்கலாம். ஒவ்வோர் ஊரும் தனக்குரிய கரையையோ கட்டத்தையோ தெரிந்தெடுத்துச் சங்கப் பதிவேட்டில் குறித்து வைக்கலாம். இவை யாவற்றினும் முக்கியமானது அங்கத்தினரின் நேர்மை. விசைத்தறித் துணியில் கைத்தறி முத்திரை ஒருமுறை விழுமாயின், வாங்குபவர் மறுமுறை எந்த முத்திரையையும் நம்பார். அடுத்த பொதுக் கூட்டத்தில் இவ்விஷயம் விவாதிக்கப்படுமாயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.