மாதச் சம்பளமும் நான்கு நாள் மேடையும்



2025 குடியரசு தினத்தையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் அலங்காநல்லூர் வேலு ஆசான் பெயர் இருந்தது. பறைக்காகக் கிடைத்த விருது. கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் பத்ம விருதோடு ரொக்கம் வருவதில்லை. ரயில் கட்டணச் சலுகைகூட இல்லை. சான்றிதழும் பதக்கமும் தருகிறார்கள், அவ்வளவுதான். எனவே மரியாதை பற்றிய பேச்சை இன்று தள்ளி வைத்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கலைக்கு அரசு தரும் பணமெல்லாம் ஒரே மாதிரிப் பணமல்ல. மாதாமாதம் வரும் சம்பளம் ஒரு வகை. விழா முடிந்து பந்தல் பிரித்ததும் நின்றுவிடும் பணம் இன்னொரு வகை. எந்தக் கலைக்கு எந்த வகைப் பணம் என்ற கேள்வியில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசு 17 மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. நமக்குப் பக்கத்தில் சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் உண்டு. அங்கே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பணியிடம், சம்பளம், மூன்றாண்டுப் படிப்பு, முடித்தவருக்குச் சான்றிதழ். அந்த ஏழில் பறை இல்லை. கரகம் இல்லை, ஒயில் இல்லை. கோயிலுக்குள் ஒலிக்கும் மேளம் வரை நடந்து வந்த அரசு, சேரியின் எல்லையில் நின்றுகொண்டது. அண்மைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மாலை நடக்கும் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களைத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்போம். ஆனால் மிருதங்கத்துக்கு முழுநேர ஆசிரியர், பறைக்கு இரண்டு மாலை என்பதை யாரும் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

விழாப் பணத்துக்கு வருவோம். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், இடையில் நின்று, 2023இல் 'நம்ம ஊரு திருவிழா' என்று மீண்டும் வந்தது. சாவு வீட்டு வாசலில் மட்டும் கேட்டுப் பழகிய காதுகள், பூங்காவிலும் கடற்கரையிலும் பறையைக் கேட்டன. இது சின்ன மாற்றமல்ல. ஆனால் பறையை மேடை ஏற்றியதே அரசுதான் என்று யாராவது ஒலிவாங்கியில் சொன்னால் நாம் மறுக்க வேண்டும். 1990களிலேயே மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் கலைவிழாக்களை நடத்தியது. தியோபிலஸ் அப்பாவு அங்கிருந்துதான் நாட்டுப்புற இசையை விடுதலைக்கான மொழியாக்கினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. கே.ஏ. குணசேகரனின் தன்னானே குழு ஊர் ஊராகப் போய்ப் பாடியது. அரசு விழாக்கள் வருவதற்கு முன்பே நடந்த வேலை இது.

பொங்கலுக்கு நான்கு நாள் மேடை கிடைக்கிறது. மீதி நாட்களில்? ஊரில் ஒரு சாவு விழுகிறது, ஆள் வந்து கூப்பிடுகிறது. பறையை விட்டுவிடுவதா, மீட்டெடுப்பதா என்று நம் இயக்கங்களில் நெடுங்காலமாக விவாதித்திருக்கிறோம். அந்த விவாதத்தில் கூலிக் கணக்கு போதுமான அளவு வரவில்லை என்பது என் கருத்து. 'வரமாட்டேன்' என்று சொல்ல வேறு வருமானம் வேண்டும். மேடையில் கலைஞர் என்று பெயர் வாங்கியவர், மறுவாரம் ஊர்க் கட்டளைக்குப் போய் நிற்பது அவர் மனம் மாறாததால் அல்ல. அடுத்த மேடை அடுத்த தையில்தான் என்பதால்.

முதுமையில் என்ன கிடைக்கிறது? இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய். இசைப்பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவருக்கு வருவது பணிக்கான உரிமை. பறைக் கலைஞருக்கு வருவதன் பெயர் 'நலிந்த கலைஞர் நிதியுதவி'. முதலில் நலிந்தவர் என்று நிரூபிக்க வேண்டும்! இசைக்கருவி, ஆடை வாங்க மன்றம் 500 பேருக்குத் தலா 10,000 ரூபாய் தருகிறது. மொத்தம் 50 லட்சம், மாநிலம் முழுமைக்கும்.

இதோடு ஒப்பிட அலங்காநல்லூர் பக்கமே போகலாம். கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று திறந்த ஏறுதழுவுதல் அரங்குக்கு ஆன செலவு 60 கோடி ரூபாய்க்கு மேல். மாதம் 3,000 வீதம் ஆயிரம் கலைஞர்களுக்கு ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் ஆகும். 60 கோடியில் பதினாறு ஆண்டுகள் தரலாம். கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு, கல்வெட்டில் பெயரும் நிற்கும். சம்பளம் ஆண்டுதோறும் தொடரும் செலவு, அதற்குக் கல்வெட்டு கிடையாது. அரசுகள் எதை விரும்பும் என்பது தெரிந்த கதை. ஆனால் மாதந்தோறும் தருவது நடக்காத காரியமல்ல. அயர்லாந்து அரசு 2022இல் சோதனைத் திட்டமாக 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ தரத் தொடங்கியது. நலிந்திருக்கிறாயா என்று கேட்கவில்லை; கலைஞரா என்று மட்டும் கேட்டது.

நம் கையில் இருக்கும் கருவி, 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம். திட்ட ஒதுக்கீட்டில் மக்கள்தொகை விகிதப் பங்கை அது உறுதிசெய்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி ஆதிதிராவிடர் பங்கு 20 விழுக்காடு. (கிறித்தவரான பறைக் கலைஞர் பட்டியல் சாதிக் கணக்கில் வரமாட்டார், அது தனிப் போராட்டம்.) கலை பண்பாட்டுத் துறையின் பணம், சுற்றுலாவோடு சேர்த்து 29ஆம் எண் மானியக் கோரிக்கையில் வருகிறது. கலையைச் சுற்றுலாவின் பக்கத்தில் வைத்திருப்பதே யோசிக்க வேண்டிய செய்தி.

மாணவர்கள் இதைச் செய்யலாம். அந்தக் கோரிக்கையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஆண்டுவாரியாக எடுத்துப் படியுங்கள். செயல்திட்டத்தின் கீழ் கலைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, அதில் சம்பளம் எவ்வளவு, விழா எவ்வளவு, மதுரை மாவட்டத்தில் எத்தனை பறைக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய்.