தேன்குழல் ஒரு கிலோ... கூரியருக்கு மூன்று கிலோ!

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு காரைக்குடி வழியாக ஊர் திரும்புகிறவர்களின் பையில் தேன்குழல், மணகோலம், சீப்பு சீடை என ஏதாவது ஒரு செட்டிநாட்டுப் பலகாரம் இருக்கும். இப்போது இவை ஆன்லைனிலும் கிடைக்கின்றன. ஆனால், ‘ஒரு கிலோ தேன்குழலுக்கு இவ்வளவு டெலிவரி சார்ஜா?’ என்று பணம் கட்டும் நேரத்தில் ஆர்டரைக் கைவிட்டிருக்கிறீர்களா? அந்தத் தொகை எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

எடையா, இடமா?

கூரியரில் எடைக்கு மட்டுமல்ல, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுக்கிறார்கள். பல நிறுவனங்களின் கணக்கு இதுதான். இந்த விடை, தராசு காட்டும் எடை... இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம்.

தேன்குழல் நொறுங்காமலிருக்க, சுற்றிலும் காகிதம் திணித்து 30x25x20 செ.மீ பெட்டியில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15,000-ஐ 5,000-ஆல் வகுத்தால், 3 கிலோ! காரைக்குடி கண்டாங்கிச் சேலையை 30x25x5 செ.மீ பெட்டியில் அனுப்பினால், அதே கணக்கில் முக்கால் கிலோதான். இதோடு தூரமும் சேரும். மதுரைக்கு ஒரு கட்டணம், டெல்லிக்கு ஒரு கட்டணம்.

‘ஃப்ரீ’ யார் கொடுப்பது?

இந்தச் செலவை அப்படியே உங்களிடம் வாங்கலாம்; எல்லோருக்கும் ஒரே தொகை வைக்கலாம்; பொருளின் விலையிலேயே சேர்த்துவிட்டு ‘ஃப்ரீ டெலிவரி’ என்றும் போடலாம். ‘999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இலவசம்’ என்பதும் ஒரு வழி. 100 ரூபாய் டெலிவரி சார்ஜை மிச்சப்படுத்த, தேவையில்லாமல் 500 ரூபாய்க்கு வாங்கினால் லாபம் யாருக்கு?

லட்சக்கணக்கில் பார்சல் அனுப்பும் பெரிய தளங்களுக்குக் குறைந்த கட்டணம் கிடைக்கும். வீட்டில் பலகாரம் சுட்டு, மாதம் இருபது பெட்டி அனுப்பும் ஆச்சிக்கு அது கிடைக்காது. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் செய்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பினால், போக வர இரண்டு செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான். திரும்பி வந்த தேன்குழலை அடுத்தவருக்கு விற்கவும் முடியாது.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்: பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், மொத்தத் தொகையைக் கடைக்குக் கடை ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரே பெட்டியாக ஆர்டர் செய்யுங்கள். வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். உங்களுக்கும் மிச்சம், ஆச்சிக்கும் நஷ்டமில்லை!