அடுத்த வரி எங்கே போனது?

பெங்களூரு முகவரி பெரும்பாலும் எண்களின் அடுக்கு. வீட்டுக்கு ஓர் எண், கிராஸுக்கு ஒன்று, மெயினுக்கு ஒன்று, பிளாக்குக்கு இன்னொன்று. ஜெயநகர்வாசி ஒருவர் இணையக் கடையின் முகவரிப் பெட்டியில் 'எண் 12' என்று எழுதி, என்டர் தட்டி, அடுத்த வரியில் '4வது கிராஸ்' என எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த என்டர் நீங்கிவிட்டால் மிஞ்சுவது 'எண் 124வது கிராஸ்'. பொட்டலத்தோடு வருபவர் இல்லாத தெருவைத் தேடி அலைய வேண்டியதுதான்.

என்டர் என்பதும் ஓர் எழுத்துதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. டெலிபிரிண்டர் காலத்தில் இதற்கு இரண்டு குறியீடுகள் இருந்தன. 13 அச்சுமுனையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகும், 10 தாளை ஒரு வரி நகர்த்தும். யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. இணையப் படிவமோ எந்தக் கருவியிலிருந்து அனுப்பினாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்பும். ஆனால் பிரவுசரில் இயங்கும் நிரல் அதை ஒரே எழுத்தாக எண்ணும். ஐந்து வரி முகவரியில் நான்கு என்டர். சர்வரின் கணக்கில் நான்கு எழுத்து கூடிவிடும். பிரவுசரில் 'சரி' என்று ஏற்கப்பட்ட முகவரி, சர்வரில் 'நீளம் அதிகம்' என்று திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகவரியைப் பக்கத்தில் காட்டும்போது வேறொரு சிக்கல். ஹெச்டிஎம்எல் வரிமுறிவையும் தொடர் இடைவெளிகளையும் ஒற்றை இடைவெளியாகச் சுருக்கிவிடும். முகவரி ஒரே வரியாகத் தெரியும், படிக்கவாவது முடியும். 'சுத்தம் செய்கிறேன்' என்று நிரலர் குறியீட்டையே நீக்கும்போதுதான் 12-ம் 4-ம் ஒட்டிக்கொள்கின்றன.

வரிகளைப் பிரித்தே காட்ட வழிகள் இரண்டு. வரிமுறிவு வரும் இடத்திலெல்லாம் ஹெச்டிஎம்எல்லின் 'பிஆர்' குறியைச் செருகலாம். பிஹெச்பி மொழியில் இதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. இதில் வரிசை முக்கியம். பயனர் எழுதியதில் உள்ள கோணக்குறிகளை முதலில் வெறும் எழுத்தாக்கிவிட வேண்டும், பிறகே பிஆர். முதல் வேலையை விட்டுவிட்டால் யாரோ எழுதிய நிரல் மற்றவர் பிரவுசரில் ஓடும். வரிசை மாறினால் பிஆர் குறியே எழுத்தாகப் பக்கத்தில் தெரியும். இரண்டாவது வழியில் உரையைத் தொடவே வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் 'பிரீ-லைன்' அல்லது 'பிரீ-ரேப்' என்று அமைத்தால் போதும். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே நல்லது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வரிக்கு வரி ஒரு வெற்று வரி வந்து நிற்கும்.

எப்படிக் காட்டினாலும், சேமிப்பது பயனர் எழுதியபடியே இருக்க வேண்டும். பிஆரோடு சேமித்த முகவரி, லேபிளில் பிஆரோடுதான் அச்சாகும். கூரியருக்குப் போகும் சிஎஸ்வி கோப்பில் வரிக்கு ஓர் ஆர்டர் என்பது கணக்கு. ஆகவே பல வரி முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஒரே முகவரி இரண்டு மூன்று அரைகுறை ஆர்டர்களாகப் பிரிந்துவிடும்.