'கிடைத்தால்' என்பதும் 'இஃப்' என்பதும்

கொட்டாஞ்சேனையில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர் வெள்ளவத்தையில் அறையொன்று தேடுகிறார் எனக் கொள்ளலாம். வீட்டுக்காரர் சிங்களவர், ஆதலின் கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வகுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே கொழும்பு மாந்தர் கைக்கொண்ட வழக்கம் இது.

"வேலை கிடைத்தால் அறையை எடுப்பேன்" என்பது இளைஞர் கருத்து. "இஃப் ஐ வில் கெட் தி ஜாப், ஐ வில் டேக் தி ரூம்" என்று எழுதிவிடுகிறார். இரண்டும் இனி நிகழ்வன. ஆகவே இரண்டிடத்தும் 'வில்' வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு நியாயமானதே, ஆங்கில வழக்குத்தான் அதனை ஏற்பதில்லை. நிபந்தனையில் "இஃப் ஐ கெட்" என நிகழ்கால உருவமே நிற்கும். 'வில்' அதன் பயனைக் கூறும் பகுதிக்கு உரியது.

இது தமிழருக்குப் புதுமையன்று. 'கிடைத்தது' என்னும் இறந்தகாலச் சொல்லில் உள்ள அடியே 'கிடைத்தால்' என்பதிலும் நிற்கிறது. வந்தால், போனால், பெய்தால் யாவும் அவ்வாறே. எனினும் "மழை பெய்தால் குடை எடுப்பேன்" என்பவர் நேற்றைய மழையைப் பேசுகிறார் என எவரும் மயங்குவதில்லை. தமிழ் இறந்தகால உருவத்தைக் கொண்டு செய்யும் வேலையை ஆங்கிலம் நிகழ்கால உருவத்தைக் கொண்டு செய்கிறது, அவ்வளவே.

'வில்' தவறி விழுந்தாலும் வீட்டுக்காரர் கருத்தை உணர்ந்துகொள்வார். 'இஃப்' இருக்கவேண்டிய இடத்தில் 'வென்' விழுந்தாலோ கேடு பெரிது. "வென் ஐ கெட் தி ஜாப்" என்றால் வேலை உறுதி என்றாகிவிடும். தமிழில் 'கிடைத்தால்' என்பதற்கும் 'கிடைத்ததும்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. அதனை நம்பி அவர் அறையைப் பிறர்க்குக் கொடாது வைத்திருப்பார். வேலை கிட்டாதுபோயின் இளைஞர் சொல் தவறியவராவார்.

'இஃப்' பின்னர் 'வில்' வரவே கூடாதோ எனின், வரும். "இஃப் யூ வில் சைன் ஹியர்" என்று அலுவலகங்களிற் பணிவுடன் வேண்டுவதுண்டு. அங்கே 'வில்' காலத்தைச் சுட்டாது, இசைவைக் கேட்கிறது.

வீட்டுக்காரரின் மறுமொழியில் 'அன்லெஸ்' வருதல் கூடும். "அன்லெஸ் யூ பே தி அட்வான்ஸ்" என்றால் முன்பணம் கொடாவிட்டால் என்பது பொருள். எதிர்மறை அச்சொல்லினுள்ளேயே அடங்கியுள்ளது; மேலும் ஒரு 'டோன்ட்' சேர்ப்பின், பணம் கொடுத்தவருக்கே அறை இல்லை என்றாகிவிடும்.