தொலைக்காட்சி மாஸ்டரில் சுற்றொலி, ஸ்டீரியோ ஒலிக்கலவைகள்

தொலைக்காட்சி மாஸ்டர் என்பது ஒரு நிகழ்ச்சியின் அல்லது திரைப்படத்தின் முடிவான வடிவமாக ஒளிபரப்பு நிலையத்திடம் ஒப்படைக்கப்படும் நாடா அல்லது கோப்பு ஆகும். இதில் படத்துடன் பல ஒலித்தடங்கள் இருக்கும். 5.1 எனப்படும் ஆறு தடச் சுற்றொலிக் கலவையும் இரு தட ஸ்டீரியோக் கலவையும் ஒரே மாஸ்டரில் சேர்ந்து செல்வது இன்றைய வழக்கம். எந்தத் தடம் எந்த எண்ணில், எந்த உரப்பில், படத்துடன் எவ்வளவு பொருந்தி இருக்கிறது என்பதைப் பொறுத்தே வீட்டில் வசனம் கேட்கும், அல்லது கேட்காமல் போகும்.

திண்டுக்கல்லில் ஒலி வந்த வழி

திண்டுக்கல் மாவட்டத்தின் மலைப்பகுதியான கொடைக்கானலில் இருந்த தூர்தர்ஷன் அஞ்சல் நிலையம் கீழே உள்ள சமவெளிக்கும் தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் படத்தை அனுப்பியது. அன்றைய அனலாக் 'பால்' முறையின் அடிப்படை வடிவில் ஒலிக்கு ஒரே தடம்தான். பின்னர் வந்த கேபிள் இணைப்புகளிலும் மோனோ ஒலியே பரவலாக இருந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-இல் டிஜிட்டல் உரிமம் பெற்று செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கியது. இன்று வேடசந்தூரிலோ நத்தத்திலோ ஒரு வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கலாம். பக்கத்து வீட்டில் பழைய பெட்டியின் ஒற்றை ஒலிபெருக்கி இருக்கலாம். ஒரே மாஸ்டர் இரு வீட்டுக்கும் பொருந்த வேண்டும்.

திரையரங்குகள் இதற்கு முன்பே மாறிவிட்டன. 1995-இல் வெளியான குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ சர்ரவுண்ட் எஸ்.ஆர். முறையில் வந்தது. அடுத்த ஆண்டின் கறுப்பு ரோஜா டி.டி.எஸ். ஒலியுடன் வந்த முதல் தமிழ்ப்படமாகக் குறிப்பிடப்படுகிறது. 2012 டிசம்பரில் சிவாஜி 3டி டால்பி அட்மோஸ் ஒலியுடன் வெளியானது. இத்தகைய படங்கள் தொலைக்காட்சிக்கு வரும்போதுதான் கலவைகளை ஒப்படைக்கும் சிக்கல் முழுமையாகத் தெரியும்.

ஆறு தடங்களும் அவற்றின் வரிசையும்

5.1 கலவையில் இடது, வலது, நடு, தாழ் அதிர்வெண், இடது சுற்று, வலது சுற்று என ஆறு தடங்கள் உள்ளன. தொலைக்காட்சி மாஸ்டர்களில் இவை பொதுவாக இதே வரிசையில் வைக்கப்படும். திரைப்பட ஒலிக்கூடங்களில் வேறொரு வரிசையும் புழங்குகிறது: இடது, நடு, வலது, இடது சுற்று, வலது சுற்று, தாழ் அதிர்வெண்.

இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? திரைப்பட வரிசையில் உள்ள கோப்பைத் தொலைக்காட்சி வரிசை என்று நினைத்து ஏற்றினால் இடது தடம் மட்டுமே தன் இடத்தில் இருக்கும். நடுத்தடத்தின் வசனம் வலது ஒலிபெருக்கிக்குப் போகும். வலதுபக்க இசை நடுவில் வரும். இடது சுற்று தாழ் அதிர்வெண் பெட்டிக்குள் போய்க் காணாமல் போகும். இடி, வெடிச் சத்தங்களுக்கான தாழ் அதிர்வெண் தடம் வலப்பின் ஒலிபெருக்கியில் உறுமும். படம் ஓடும், அளவுமானி ஆறிலும் துள்ளும், கண்ணுக்குக் குறை எதுவும் தெரியாது. எனவே மாஸ்டரைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதற்கு மாற்று இல்லை.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. ஆறு தடங்களில் முதல் இரண்டை மட்டும் எடுத்து அதையே ஸ்டீரியோ என்று ஒளிபரப்பிவிடுவார்கள். பின்னணி இசையும் கூட்டத்தின் இரைச்சலும் நன்றாகக் கேட்கும், நாயகன் வாயசைப்பது மட்டும் தெரியும். வசனம் இருந்த நடுத்தடம் வெளியே விடப்பட்டதே காரணம்.

ஆறிலிருந்து இரண்டு

சுற்றொலியைச் சுருக்கி ஸ்டீரியோ ஆக்குவது டவுன்மிக்ஸ் எனப்படும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 பரிந்துரை இதற்கான அடிப்படைச் சமன்பாட்டைத் தருகிறது. இடது தடத்துடன் நடுத்தடத்தையும் இடது சுற்றையும் தலா 0.707 மடங்காக, அதாவது 3 டெசிபல் குறைத்துச் சேர்க்க வேண்டும். வலப்பக்கமும் அப்படியே. தாழ் அதிர்வெண் தடம் பொதுவாக விடப்படும். மூன்று தடங்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொட்டால் கூட்டுத்தொகை 2.414 மடங்கு ஆகும். அது ஏறத்தாழ 7.7 டெசிபல் மிகுதி. கட்டுப்படுத்தாவிட்டால் ஒலி கிழியும்.

இந்தக் கணக்கைச் செட்டாப் பாக்ஸே செய்துவிடும் என்று விட்டுவிடலாம். ஆனால் குத்துப்பாட்டின் பறையும் நாதஸ்வரமும் நான்கு பக்கமும் பரவியிருக்கும் ஒரு காட்சியைச் சுருக்கும்போது, எது முன்னால் நிற்க வேண்டும் என்பதைச் சமன்பாடு அறியாது. எனவே ஒலிக்கலைஞர் தனியே செய்த ஸ்டீரியோக் கலவையை 1, 2 தடங்களில் கேட்கும் நிலையங்களின் வழக்கம் நியாயமானதே.

மோனோச் சோதனையும் தவிர்க்கக் கூடாதது. இடது, வலது இரண்டிலும் ஒரே குரல் இருந்து, ஒன்றின் கட்டம் தலைகீழாகிவிட்டால், ஸ்டீரியோவில் குரல் சற்றுக் குழைந்து கேட்குமே தவிர இல்லாமல் போகாது. மோனோவில் இரண்டும் கூடும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். எக்ஸ்.எல்.ஆர். கம்பியின் 2, 3 ஊசிகள் ஒரு பக்கத்தில் மாறியிருந்தாலே இது நேரும். ஒலிக்கூடத்தில் எவரும் கவனிக்காத இந்தத் தவறு, ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டியில் படம் பார்ப்பவருக்கு வசனமே இல்லாத படமாகச் சேர்கிறது.

நாடாவும் கோப்பும்

1993-இல் வந்த டிஜிட்டல் பீட்டாகேம் நாடாவில் நான்கு ஒலித்தடங்களே உண்டு. எச்.டி.கேமிலும் அவ்வளவுதான். ஆறு தடச் சுற்றொலிக்கு அதில் இடமில்லை. இதற்காகவே டால்பி ஈ என்னும் குறியீட்டு முறை வந்தது. இது எட்டுத் தடங்கள் வரை சுருக்கி ஒரு ஸ்டீரியோ இணைக்குள் அடக்குகிறது. பின்னர் வந்த எச்.டி.கேம் எஸ்.ஆர். நாடா 12 தடங்களைத் தந்தது.

டால்பி ஈ தரவு என்பதால் அதன் உரப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மங்கல் கொடுத்தாலும் மாதிரி வீதத்தை மாற்றினாலும் தரவு சிதைந்துவிடும். குறிவிலக்காமல் நேரடியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் காதைத் துளைக்கும் இரைச்சல்தான் வரும். குறியேற்றத்துக்கு ஒரு சட்டகம், குறிவிலக்கத்துக்கு ஒரு சட்டகம் என ஒலி பின்தங்கும். நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் இந்திய முறையில் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. ஈடுகட்டாவிட்டால் 80 மில்லிநொடி வித்தியாசத்தில் உதடும் குரலும் பிரியத் தொடங்கும்.

வேகமும் சுருதியும்

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. அதை 25-ஆக ஓட்டித் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது ஒலியும் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேகமாகும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாடல்களின் சுருதி ஏறக்குறைய 0.7 அரைச்சுரம் உயரும். வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு தொலைக்காட்சியில் கொஞ்சம் கீச்சென்று ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுருதியைத் திருத்தும்போது ஆறு தடங்களையும் ஒன்றாகவே செலுத்த வேண்டும். தனித்தனியாகச் செய்தால் தடங்களுக்கிடையிலான கட்ட உறவு கெட்டு, டவுன்மிக்ஸில் ஒலி கரகரக்கும்.

உரப்பு

விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் அனுபவம் எல்லா வீட்டுக்கும் பொது. உச்ச அளவு ஒன்றாகவே இருந்தாலும், அழுத்திச் செறிவூட்டிய ஒலி காதுக்கு உரக்கவே கேட்கும். இதை அளக்கும் முறையை பி.எஸ். 1770 பரிந்துரை 2006-இல் வகுத்தது. மனிதச் செவிக்கு ஏற்ப எடையிட்டு, சுற்றுத் தடங்களுக்குச் சுமார் 1.5 டெசிபல் கூடுதல் கொடுத்து, தாழ் அதிர்வெண் தடத்தை நீக்கி அளப்பது இம்முறை. இதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை (2010) சராசரி உரப்பை −23 எல்.யு.எப்.எஸ். என்றும் மெய்யுச்சத்தை −1 டெசிபல் என்றும் வரையறுக்கிறது. அமெரிக்காவில் −24. அங்கு விளம்பர உரப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7(6) விளம்பரம் அளவுமீறி உரக்க இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் 'உரக்க' என்பதற்கு அவ்விதி எண் எதுவும் தரவில்லை. அளக்க முடியாத விதியைக் காட்டி மாஸ்டர் ஒன்றைத் திருப்பி அனுப்புவது கடினம்.

5.1 கலவையும் ஸ்டீரியோக் கலவையும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். டால்பி டிஜிட்டலுடன் செல்லும் 'டயல்நார்ம்' என்ற எண்ணும் உண்மையான வசன அளவோடு பொருந்த வேண்டும். வசனம் −23-இல் இருக்க, எண் −27 என்று விடப்பட்டால் அந்நிகழ்ச்சி மற்றவற்றைவிட 4 டெசிபல் உரக்கக் கேட்கும்.

வசனமில்லாத தடம்

மாஸ்டரில் இசையும் பின்னொலியும் மட்டும் கொண்ட இன்னொரு ஸ்டீரியோ இணையும் கேட்கப்படுவதுண்டு. பெரும்பாலும் 3, 4 தடங்களில் இது இருக்கும். மொழிமாற்றத்துக்கு இதுவே ஆதாரம். இந்தித் தொடரான மகாபாரதம் தமிழில் விஜய் டிவியில் ஓடியது போன்ற மொழிமாற்றங்களில், போர்க்கள ஒலியும் இசையும் மூலத்திலிருந்து அப்படியே கிடைத்தால் புதிய குரலை மட்டும் சேர்த்தால் போதும். படப்பிடிப்பில் வசனத்துடன் சேர்ந்து பதிவான காலடிச் சத்தம், கதவுச் சத்தம் போன்றவை இத்தடத்தில் இருக்காது. அவற்றை ஃபோலி கலைஞர்கள் புதிதாக உருவாக்கி நிரப்ப வேண்டும். செலவைச் சுருக்க முதலில் வெட்டப்படுவதும் இந்த வேலைதான். வசனம் நின்றவுடன் காட்சி முழுதும் சட்டென்று செத்த அமைதிக்குப் போகும் மொழிமாற்றத் தொடர்களில் இந்தக் குறையைக் கேட்கலாம்.