பேசாத சிறுவனைப் பேச வைத்த பொம்மைக் கிளி

பிள்ளை ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். நூறு தடவை பார்த்த பிறகும் சலிக்கவில்லை. படத்தை நிறுத்தினால் அழுகிறான். "இது என்ன சினிமாப் பைத்தியம்!" என்று வீட்டில் உள்ளவர்கள் தலையில் அடித்துக் கொள்கிறார்கள்.

ஆனால், அந்தப் "பைத்தியம்"தான் ஒரு சிறுவனின் வாய்ப்பூட்டைத் திறந்த சாவியாக இருந்தது. இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் உண்மையாக நடந்தது.

திடீர் மவுனம்

ரான் சஸ்கிண்ட் ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிருபர். "வால் ஸ்டிரீட் ஜர்னல்" என்ற பெரிய பத்திரிகையில் வேலை பார்த்தார். 1995-ம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றார். அவருடைய மனைவி பெயர் கார்னீலியா. அவர்களுக்கு 2 ஆண் பிள்ளைகள். மூத்தவன் வால்ட்டர். இளையவன் ஓவன்.

1993-ம் ஆண்டில் அந்தக் குடும்பம் வாஷிங்டன் நகரில் குடியேறியது. ஓவனுக்கு அப்போது 3 வயது நிறையவில்லை. ஐஸ்கிரீம் வேண்டும் என்பான். பொம்மை எங்கே என்பான். எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடி ஆடி விளையாடிக் கொண்டு இருந்தான்.

திடீர் என்று எல்லாம் மாறியது. பேச்சு குறைந்தது. இரவில் தூக்கம் இல்லை. கண்ணை மூடிக் கொண்டு நடப்பவன் போலத் தடுமாறி நடந்தான். அம்மாவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. அது, "ஜூஸ்".

பெற்றோர் பதறிப் போனார்கள். டாக்டர்களிடம் ஓடினார்கள். டாக்டர்கள் சொன்ன பெயர், "ஆட்டிசம்".

தாயின் குற்றமா?

ஆட்டிசம் என்பது தொற்று நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பேசுவது, பிறர் மனதைப் புரிந்து கொள்வது, கூட்டத்தில் பழகுவது ஆகியவை இவர்களுக்குக் கடினமாக இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலர் ஒரு சொல்லும் பேச மாட்டார்கள். 2021-ம் ஆண்டில் உலகில் 127 பேருக்கு ஒருவர் இப்படி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது.

1943-ம் ஆண்டில் லியோ கேனர் என்ற டாக்டர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வேலை பார்த்தவர். 11 குழந்தைகளைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

பிறகு பல ஆண்டுகள், "தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது" என்று சிலர் பழி போட்டார்கள். எத்தனையோ தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள். அந்தப் பழி தவறு என்பது ஆராய்ச்சியில் தெளிவாகிவிட்டது.

ஆட்டிசம் உள்ளவர்களிடம் இன்னொரு குணமும் காணப்படும். ஏதாவது ஒன்றின் மீது அளவு கடந்த ஆசை வைப்பார்கள். ரெயில், கடிகாரம், கணக்கு என்று இருக்கலாம். சினிமா, பாட்டு, கார்ட்டூன் என்றும் இருக்கலாம்.

ஓவனுக்கு ஆசை, டிஸ்னி கம்பெனியின் கார்ட்டூன் படங்கள் மீது!

ஜூஸ் அல்ல, குரல்!

வாய் பேசாத ஓவன், அந்தப் படங்களை மட்டும் விடாமல் பார்த்தான். ஒரு நாள் "லிட்டில் மெர்மெய்ட்" என்ற படம் ஓடிக் கொண்டு இருந்தது. அது 1989-ம் ஆண்டில் வந்த கடல்கன்னிக் கதை. கடல்கன்னிக்கு மனிதப் பெண்ணாக மாற ஆசை. "மாற்றுகிறேன். அதற்கு விலையாக உன் குரலைக் கொடு" என்று சூனியக்காரி பேரம் பேசுவாள்.

ஓவன் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட விட்டான். "ஜூசர்வோஸ்" என்று முணுமுணுத்தான். ஜூஸ் கேட்கிறான் என்று நினைத்து, தாய் ஒரு கோப்பையில் கொண்டு வந்தார். அவன் அதைத் தள்ளிவிட்டான்.

மீண்டும் அதே இடம். மீண்டும் அதே முணுமுணுப்பு.

தாய்க்குச் சட்டென்று புரிந்தது. அவன் ஜூஸ் கேட்கவில்லை! "உன் குரல் மட்டும் போதும்" என்று சூனியக்காரி ஆங்கிலத்தில் கேட்கிறாள் அல்லவா? அந்தச் சொற்களைத்தான் ஒன்றாகச் சேர்த்து, மழலையில் சொல்லிக் கொண்டு இருந்தான். குரலை இழந்த சிறுவன், குரலை இழக்கப் போகும் கடல்கன்னியைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

பெற்றோருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் டாக்டர் அவ்வளவு நம்பிக்கை கொடுக்கவில்லை. "கேட்டதைக் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்கிறான். பொருள் தெரிந்து சொல்கிறான் என்று கொள்ள முடியாது" என்பது அவர் கருத்து.

பிறந்த நாளில் ஓர் அதிசயம்

ஆண்டுகள் ஓடின. பயிற்சியால் சின்னச் சின்னச் சொற்கள் திரும்பி வந்தன. தனக்கு வேண்டியதை இரண்டு மூன்று சொற்களில் கேட்பான். அதற்கு மேல் பேச்சு இல்லை.

1997-ம் ஆண்டு. அண்ணன் வால்ட்டருக்கு 9-வது பிறந்த நாள். விருந்து முடிந்து நண்பர்கள் போய்விட்டார்கள். வால்ட்டர் தோட்டத்தில் தனியாக இருந்து கண் கலங்கினான்.

அப்போது ஓவனுக்கு ஆறரை வயது. அவன் சமையல் அறைக்குள் வந்தான். அப்பாவையும் அம்மாவையும் பார்த்தான். அண்ணனுக்குப் பெரியவன் ஆக விருப்பம் இல்லை என்றும், மோக்லி போல, பீட்டர் பான் போல அவன் இருக்கிறான் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெற்றோர் சிலை போல நின்றார்கள்.

மோக்லி, காட்டில் வளர்ந்த சிறுவன். காட்டை விட்டு ஊருக்குப் போக மறுப்பவன். பீட்டர் பான், என்றைக்கும் வளராத சிறுவன். இரண்டு பேரும் டிஸ்னி படங்களில் வருபவர்கள். அண்ணனின் மனக்கவலையை, அந்த 2 பேரைக் கொண்டு தம்பி அளந்து சொல்லிவிட்டான். இது கிளிப்பிள்ளைப் பேச்சு அல்ல. யோசித்துச் சொன்ன பேச்சு.

கிளி பேசியது!

அன்று இரவு தந்தைக்கு ஒரு யோசனை பிறந்தது. ஓவனின் அறையில் ஒரு பொம்மைக் கிளி கிடந்தது. கையில் மாட்டிக் கொண்டு ஆட்டும் பொம்மை அது. "அலாவுதீன்" படத்தில் வரும் ஐயாகோ என்ற வாயாடிக் கிளி.

தந்தை ஓசைப்படாமல் போனார். போர்வைக்குள் ஒளிந்து கொண்டார். கிளியை மட்டும் வெளியே நீட்டினார். கிளியின் கரகரத்த குரலிலேயே பேசினார். "எப்படி இருக்கிறாய்?" என்று நலம் விசாரித்தார்.

ஓவன் கிளியைப் பார்த்தான். பழைய நண்பனிடம் பேசுவது போலப் பதில் சொன்னான். தனக்கு மகிழ்ச்சி இல்லை என்றான். நண்பர்கள் இல்லை என்றான். மற்றவர்கள் பேசுவது தனக்குப் புரியவில்லை என்றான்.

போர்வைக்குள் இருந்த தந்தைக்குத் தொண்டை அடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மகன் தன் மனதைத் திறந்து பேசுகிறான். அழுதால் காரியம் கெட்டுவிடும். ஆகவே, கிளியாகவே தொடர்ந்து பேசினார்.

வீடே நாடக மேடை

அதன் பிறகு அந்த வீடு நாடக மேடை ஆயிற்று. அப்பாவுக்கு ஒரு வேடம். அம்மாவுக்கு ஒரு வேடம். அண்ணனுக்கும் ஒரு வேடம். படத்தில் வரும் காட்சிகளை வீட்டின் கீழ்த்தளத்தில் நடித்தார்கள். பயம் என்றால் என்ன, நட்பு என்றால் என்ன என்பதை எல்லாம் அந்தக் காட்சிகளின் மூலமாகவே பேசினார்கள்.

ஓவன் படிக்கக் கற்றதற்கும் சினிமா உதவியது. படம் முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடும் அல்லவா? அவற்றை நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டினான். பக்கம் பக்கமாகப் படமும் வரைந்தான். ஆனால் கதாநாயகனை வரையவில்லை. கதாநாயகனின் தோழர்களையே வரைந்தான். தோழர்களைக் கைவிடாமல் காப்பவன் தான் என்று எழுதி வைத்தான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னே போக, தான் பின்தங்கி நிற்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

வளர்ந்த பிறகு, தான் படித்த பள்ளியில் டிஸ்னி சங்கம் ஒன்று நடத்தினான். நண்பர்கள் கூடிப் படம் பார்த்தார்கள். அதில் வரும் நிகழ்ச்சியைத் தங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். நண்பன் இல்லை என்று கிளியிடம் சொன்ன சிறுவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். பிரான்சு நாட்டில் நடந்த ஒரு மாநாட்டிலும் அவர் மேடை ஏறிப் பேசினார். ஆட்டிசம் உள்ளவர்கள் மனிதர்களை வெறுப்பவர்கள் அல்ல என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இந்த வரலாற்றைத் தந்தை 2014-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார். "லைஃப், அனிமேட்டட்" என்பது அதன் பெயர். அதே பெயரில் 2016-ல் வந்த செய்திப்படம், ஆஸ்கார் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது.

சினிமா எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா? இல்லை. ஓவனின் ஆட்டிசம் மறையவில்லை. காதலித்த பெண் பிரிந்து போனபோது அவர் தவித்துப் போனார். டிஸ்னி படங்கள் திருமணத்தோடு முடிந்துவிடும். பிரிவுக்கு என்ன செய்வது என்று அவை சொல்லவில்லை. அங்கே அம்மாவும் அண்ணனும்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் இந்த ஆசை?

மனிதர்களின் முகம் நொடிக்கு நொடி மாறும். ஒன்றைச் சொல்வார்கள். வேறு ஒன்றை நினைப்பார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இது பெரிய குழப்பம். ஆனால் சினிமா மாறாது. நேற்றுச் சிரித்த இடத்தில் இன்றும் சிரிப்பார்கள். புரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கார்ட்டூனில் கண்கள் பெரிதாக இருக்கும். கோபமும் அழுகையும் பளிச்சென்று தெரியும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு "தாமஸ்" என்ற ரெயில் என்ஜின் மீது கொள்ளை ஆசை. 1984-ம் ஆண்டில் டெலிவிஷனுக்கு வந்த தொடர் அது. என்ஜினுக்கு மனித முகம் இருக்கும். 2022-ல் அந்தத் தொடரில் "புரூனோ" என்ற ஆட்டிசம் உள்ள ரெயில் பெட்டியையே சேர்த்தார்கள். அதற்குக் குரல் கொடுத்தவர்களும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களே.

கேம்பிரிட்ஜ் நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வண்டிகளுக்கு உண்மையான மனித முகத்தைப் பொருத்தி 15 சிறு படங்கள் எடுத்தார்கள். ஒவ்வொரு படமும் ஓர் உணர்ச்சியைக் காட்டும். 4 வயது முதல் 7 வயது வரை உள்ள 20 ஆட்டிசக் குழந்தைகள் அவற்றை 4 வாரம் தினமும் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்து மனதை அறியும் திறமை அவர்களுக்கு நன்கு கூடியது. இதன் முடிவு 2010-ல் வெளியானது.

பொம்மையும் இப்படி உதவும். டேனியல் லெகாப் என்ற அமெரிக்க நிபுணர், "லெகோ" என்ற கட்டிட விளையாட்டைப் பயன்படுத்தினார். 3 குழந்தைகள் சேர்ந்து ஆட வேண்டும். ஒருவர் பொறியாளர், படத்தைப் பார்த்துச் சொல்வார். ஒருவர் துண்டுகளை எடுத்துக் கொடுப்பார். ஒருவர் கட்டுவார். பேசாவிட்டால் வீடு எழும்பாது! ஆகவே, பேசுகிறார்கள்.

கண்ணில் படாத பெண் குழந்தைகள்

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகளின் ஆசை, பெரும்பாலும் ஊரில் எல்லோருக்கும் உள்ள ஆசையாகவே இருக்கும். ஒரு பாடகர், ஒரு நடிகை, ஒரு தொடர்கதை. "இந்த வயதுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால் ஆசையின் பொருள்தான் ஒன்று. ஆழம் வேறு. பாடகரின் ஒவ்வொரு பாட்டும், ஒவ்வொரு தேதியும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். பேச்சு முழுவதும் அதுவாகவே இருக்கும். இதனால் பலருக்கு ஆட்டிசம் இருப்பதே பெரியவர்கள் ஆன பிறகுதான் தெரிய வருகிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

சினிமா ஆசை இருப்பதால் மட்டும் ஆட்டிசம் என்று முடிவு செய்யக் கூடாது. பேச்சு தாமதம் ஆனாலும், வந்த பேச்சு நின்றாலும், கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நாள் கடத்தக் கூடாது.

பிள்ளைக்குப் பிடித்ததைத் தண்டனையாகப் பறிப்பது நல்லது அல்ல. அது அவனுக்கு நிம்மதி தரும் இடம். அதற்காக நாள் முழுவதும் திரை முன்னால் உட்கார வைப்பதும் சரி அல்ல. எப்போது பார்க்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பிடித்த பாத்திரத்தின் பெயரை எழுதச் சொல்லலாம். அதை வைத்தே கணக்குப் போடலாம். "அவன் ஏன் அழுகிறான்?" என்று கேட்கலாம். தான் பேசிய பிறகு, பிறர் பேசுவதையும் கேட்கப் பழக்கலாம்.

முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் தாங்களும் பார்க்க வேண்டும். ஒரே படத்தை நூறாவது தடவையாகப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால், பிள்ளை வெளியே வருவதற்குக் கதவு அங்கேதான் இருக்கிறது என்றால், அங்கேதானே போய்த் தட்ட வேண்டும்?