ஸ்தார் பிஷ்னோவ்: அன்றும் இன்றும்

ருமேனியாவின் மேற்கு மூலையில், பானாத் சமவெளியில் உள்ளது துதேஷ்டி வெக்கி. அது அரசாங்க ஏட்டுப் பெயர். ஊரில் உள்ள பல்கேரியர்களுக்கு அது ஸ்தார் பிஷ்னோவ்தான்.

1688-ல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக, இன்றைய பல்கேரியாவில் உள்ள சிப்ரோவ்ட்ஸியில் எழுந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அதன் பிறகு கத்தோலிக்க பல்கேரியர்கள் டான்யூப் நதியைக் கடந்து அலையலையாக வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1738-ல் இங்கே குடியேறினார்கள். சுற்றிலும் ஜெர்மானியர், ஹங்கேரியர், செர்பியர், ருமேனியர். அதற்கு நடுவே வீட்டில் தங்கள் பேச்சையே புழங்கினார்கள். பல்கேரியாவில் சிரில்லிக் எழுத்து. இவர்களுக்கோ கத்தோலிக்கத் தொடர்பால் லத்தீன் எழுத்து. 1866-ல் யோசு ரில் என்ற ஆசிரியர் அவர்களது பேச்சுக்கு எழுத்து முறையை வகுத்துக் கொடுத்தார். பல்கேரியா தனி ஆட்சிப் பகுதியாகத் தலையெடுத்ததே 1878-ல்தான். அகதிகளாக வந்தவர்களின் வாரிசுகள் அதற்கு முன்பே தங்கள் மொழிக்கு எழுத்து முறை தேடினார்கள் என்பது என்னை வியக்க வைக்கிறது.

பிறகு சிலர் தாய்நாடு திரும்பி, பர்தர்ஸ்கி கெரான் போன்ற ஊர்களை அமைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் பானாத்தே நாடுகளுக்கிடையே பங்கு போடப்பட்டது. 1935-ல் தொடங்கிய பானாத் பல்கேரியர்களின் செய்தித்தாள் 1943-ல் நின்றது. 1951 ஜூனில் எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றைக் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் பராகன் சமவெளிக்குக் கட்டாயமாக இடம்பெயர்த்தபோது, அதில் பானாத் பல்கேரியர்களும் இருந்தார்கள்.

அந்தச் சர்வாதிகாரம் விழுந்த பிறகு, 1990-ல் 'நாஷா க்லாஸ்' இதழ் திமிஷோரா நகரிலிருந்து வெளிவரத் தொடங்கியது. நாடாளுமன்றத்திலும் பல்கேரியச் சிறுபான்மையினருக்கு ஓர் இடம் கிடைத்தது. தவக்காலத்துக்கு முன் வரும் ஃபர்ஷாங் திருவிழா இன்றும் ஊரைக் கலக்குகிறது. முகமூடிகள், குதிரை வண்டிகள், வாத்திய இசை என்று தெருவே நிறைகிறது. முன்பு ஞாயிறுதோறும் உடுத்திய பூவேலை ஆடைகளைப் பெண்கள் இப்போது விழா நாட்களில்தான் அணிகிறார்கள். காலத்துக்கேற்ப உடை மாறுவது இயல்பு. அதற்காக நான் வருந்தவில்லை.

பேச்சு குறைவதுதான் எனக்குக் கவலை. இளையவர்கள் திமிஷோராவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் ருமேனியா முழுவதும் தங்களைப் பல்கேரியர் என்று பதிந்தவர்கள் 7,336 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய சமூகத்தில் விழாவை மட்டும் நம்பி மொழியை விட்டுவிட முடியாது. விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அந்த லத்தீன் எழுத்திலேயே குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள் அச்சிடச் செலவழிக்க வேண்டும்.